ஏழு கணினிகளுக்கு ஒரே முகம்

முதல் ஷிப்ட் பஸ்கள் சுரங்கத்துக்குப் போய், பக்கத்து ஊரான வடக்குத்தில் தெருப் புழுதி அடங்கிக்கொண்டிருந்த நேரத்தில் செல்லக்கிளிக்குப் போன் வந்தது. விஜயலட்சுமியின் கணவர் பேசினார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் விடியற்காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. விஜயலட்சுமியின் உடல் வந்துசேரச் சாயங்காலம் ஆகும் என்றார். பிறகு, "இன்னிக்கு நடக்க வேண்டியதை நிறுத்திடாதீங்கம்மா. நேத்துக்கூட அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தா" என்றார்.

நடக்கவிருந்தது ஒரு பரீட்சை. செல்லக்கிளியும் விஜயலட்சுமியும் சேர்ந்து நடத்திய பெண்கள் கணினி வகுப்பைப் பார்க்க ஊர் நலச்சங்கத்தார் வருகிறார்கள். பெண்கள் தமிழில் ஒழுங்காகத் தட்டச்சு செய்து காட்டினால் சங்கத்துக் கூடம் வகுப்புக்கே. இல்லையென்றால் பந்தல் சாமான் வைக்க வாடகைக்குப் போய்விடும். சங்கத் தலைவர் துரைராஜ் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வாடகைக்கு ஆள் பார்த்து வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஒரு கட்டத்தில் நின்றுபோயிருந்தார்கள். அங்கிருந்த எட்டுக் கணினிகளும் அலுவலகங்கள் கழித்துப்போட்டவை. புது விண்டோஸைச் சுமக்கத் தெம்பில்லாதவை. நல்ல மனசுக்காரர்கள் சிலர் ஆளுக்கொன்றாக எடுத்துப்போய், யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழியில் பிறந்த, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார்கள். அவரவருக்குப் பிடித்த திரை முகப்பைப் போட்டார்கள். ஒன்றில் மெனு கீழே, ஒன்றில் மேலே, இன்னொன்றில் மெனுவையே காணோம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற ஒவ்வொன்றிலும் வேறு வேறு விசை. திங்கட்கிழமை கற்றது செவ்வாய்க்கிழமை பக்கத்து நாற்காலியில் உதவாது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கம்மாபுரத்துப் பார்வதி, தன் மனுவைத் தானே அடிக்கக் கற்றுக்கொள்ள வந்தவள், "எனக்குத்தான் மண்டைல ஏறல போலக்கிது" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

விஜயலட்சுமி கதவருகே மறித்தாள். "உங்க மண்டைல ஒரு கோளாறும் இல்ல. இதைச் செஞ்சவங்க உங்களை நெனச்சுச் செய்யலை, அவ்ளோதான்."

விஜயலட்சுமி சுரங்க ஊழியர்களுக்கான டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். அங்கே குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே வார்ப்பு. சிறுமியாக இருந்தபோது மழையில் பள்ளிவிட்டு ஓடிவந்து, ஒரு வரிசை தள்ளி யாரோ வீட்டுக்குள் நுழைந்து, சமையலறை மூலையில் குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்த பிறகுதான் எதிரே நிற்பது தன் அம்மா இல்லை என்று பார்த்தாளாம். "அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? குடிச்சதுதான் குடிச்ச, சொம்பைக் கழுவி வெச்சிட்டுப் போன்னாங்க."

இதைப் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். பார்வதி கிளம்பப் பார்த்த அன்று பாதியில் சிரிப்பை நிறுத்தினாள். "கிளி, அந்த வீட்ல நான் எதையுமே தேடலை, பாத்தியா?"

மறுநாளே கணினிகளை ஒரே மாதிரி ஆக்க உட்கார்ந்தாள். எட்டாவது கணினிக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்த பிரவீன்குமார் சண்டைக்கு வந்தான். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் இன்ஜினியர் அவன்.

"அக்கா, லினக்ஸோட அழகே அதான். யாரும் யாருக்கும் ஆர்டர் போட முடியாது. புடிக்கலைன்னா நாமளே வேற ஒண்ணு செஞ்சுக்கலாம்."

"சிக்கலும் அதான் தம்பி. யுனிக்ஸ் காலத்துலேர்ந்து இதே கதை. உள்ள இருக்கற எஞ்சினுக்குச் சேந்து உழைச்சாங்க. மேல முகப்புன்னு வந்ததும் ஆளாளுக்கு ஒரு வீடு கட்டிக்கிட்டாங்க, இந்த வடக்குத்து பிளாட்டுங்க மாதிரி. ஒருத்தர் வீட்ல மாடிப்படி தெருவுல, இன்னொருத்தர் வீட்ல கொல்லையில."

"எங்கூர எதுக்குக்கா இழுக்கற?" என்றாள் செல்லக்கிளி.

"கட்டினவருக்கு எது எங்கன்னு தெரியும். புதுசா வர்றவங்களுக்கு?"

"அப்ப சுதந்திரம்?" என்றான் பிரவீன்குமார்.

"உனக்குச் சுதந்திரம். பார்வதிக்கு அலைச்சல்."

அவன் கிளம்பிப் போனான். இரண்டு நாள் கழித்து வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றத் தொடங்கினான். மெனு ஓரிடம், தமிழுக்கு ஒரே விசை, திரை ஜன்னலை மூடும் பொத்தான் வலது மூலையில். நின்றவர்கள் திரும்பி வந்தார்கள். எட்டாவதில் மெனுவும் விசையும் மட்டும் முடிந்திருந்த சமயம் விஜயலட்சுமிக்கு வயிற்றுவலி முற்றியது. "மீதியை வந்து பாத்துக்கறேன்" என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

செல்லக்கிளி கூடத்தைத் திறந்து, வந்த எட்டுப் பெண்களிடமும் செய்தியைச் சொன்னாள். சிலர் வாசலுக்குத் திரும்பினார்கள். கடைசியில் பார்வதிதான், "சாயங்காலம் அந்தம்மா வூட்டுக்குப் போவணும். வெறுங்கையோட எப்பிடிப் போறது? ஒக்காருங்கடி" என்றாள்.

துரைராஜ் சங்கத்தாரோடு வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். "பழகுன எடத்துலயே ஒக்காந்துகினு அடிச்சா அது என்னம்மா பரீட்ச? எல்லாரும் எடம் மாறி ஒக்காருங்க."

மடக்கிவிட்டதாக நினைத்தார். செல்லக்கிளிக்கு, அந்தக் காலையிலும், சிரிப்பு முட்டியது. விஜயலட்சுமியே சொல்லிக்கொடுத்து அனுப்பியதுபோல் அல்லவா கேட்கிறார்.

பெண்கள் எழுந்து மாறி உட்கார்ந்தார்கள். யார் கையும் தேடவில்லை. எட்டுப் பேரும் தமிழுக்கு மாறி அடிக்க ஆரம்பித்த சத்தம் தகரக் கூரையில் மழை இறங்கியதுபோல் இருந்தது. பார்வதி தன் நிலத்து மனுவை அடித்து, சேமித்து, அச்செடுத்து நீட்டினாள். துரைராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"நீ எந்தக் கம்ப்யூட்டர்ல கத்துக்கின?"

"எதுல ஒக்காந்தாலும் ஒண்ணுதாங்க."

அவர் தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். "சாவிய நீயே வெச்சிக்க செல்லக்கிளி. பந்தல்காரங்கிட்ட நான் பேசிக்கறேன்."

எட்டுப் பெண்களும் தலை நிமிர்ந்து எழுந்தார்கள். பார்வதியின் கை மட்டும் ஜன்னலை மூட வலது மூலைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் ஒரு கணம் நின்றது. அவள் உட்கார்ந்திருந்தது எட்டாவது கணினி. அதில் மூடும் பொத்தான் இன்னும் இடப்பக்கம்தான் இருக்கிறது.