திங்கட்கிழமை வர வேண்டிய சீலைகள்

திரையில் இரண்டு நொடி வந்துபோகும் ஒரு புடவையை யாராவது கவனிப்பார்களா? கதாநாயகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவளுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் இருக்கும் பெண் சற்று முன் பச்சை கட்டியிருந்தாள், இப்போது ஊதா கட்டியிருக்கிறாள் என்று யாருக்காவது உறைக்குமா? இன்று முழுவதும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

இந்தச் செப்டம்பர் வார இறுதியில் நான் பீலெஃபெல்டுக்கு வந்தது தவமணி கூப்பிட்டதால். நான் இந்த ஊரில் ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில் அவள் பக்கத்து வீட்டுக்காரி, யாழ்ப்பாணத்துப் பெண். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவள் மகள் நிரோஜினி தையல் படித்து முடித்து, ஒரு திரைப்படத்தின் உடைப் பிரிவில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாள். ஜெர்மனியும் பெல்ஜியமும் சேர்ந்து எடுக்கும் காதல் படம். பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ஒரு மனிதனும், கடிதம் கொடுக்க வரும் ஒரு பெண்ணும், கீழ்வீட்டுத் தமிழர் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கேதான் முதன்முதலாக ஒருவரையொருவர் சரியாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கல்யாணத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவள் நிரோ. "வந்து பாருங்கோ அக்கா, நாங்கள் எல்லாரும் நடிக்கிறம்" என்று தவமணி தொலைபேசியில் சொன்னாள். காதல் படங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அவற்றை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஆசை உண்டு.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து சனிக்கிழமை காலை 6.51 வண்டி. மான்ஹைமிலும் ஹனோவரிலும் மாறி, ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சலுகை அட்டையோடு முன்பதிவு செய்ததால் ஒரு வழிக்கு 39 யூரோ. பீலெஃபெல்ட் என்று ஓர் ஊரே இல்லை என்று ஜெர்மானியர்கள் கிண்டல் செய்வது வழக்கம். இருக்கிறது. லினன் துணிக்கும் தையல் இயந்திரத்துக்கும் பெயர்பெற்ற ஊர். நிலையத்திலிருந்து ப்ராக்வேடுக்கு டிராமில் கால் மணி நேரம்.

எனக்கு டிராம் தேவைப்படவில்லை. நிலைய வாசலில் யோகன் அண்ணை தன் டாக்ஸியோடு நின்றார். இருபது வருடமாக இந்த ஊரில் டாக்ஸி ஓட்டுகிறார். பட்டு வேட்டியும் சால்வையுமாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏறுங்கோ டொக்டர். நான் இண்டைக்கு மாப்பிள்ளையின்ர தேப்பன். மீற்றர் போடமாட்டன்."

"நான் டாக்டர் இல்லைங்க, வெறும் பிஎச்டி."

"அதுதான் சொல்லுறன். மருந்து தரத் தெரியாத டொக்டர்." கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீங்களும் நடிக்கிறியளோ?"

"இல்லை. ஓரமா நின்னு பார்க்கிறேன்."

"இந்தியாக்காரர் எப்பவும் ஓரமாத்தான்."

மண்டபம் ஒரு பழைய சைக்கிள் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிறது. ஊர்த் தமிழர்களின் உண்மையான கல்யாணங்களும் அங்கேதான் நடக்கும். வெளியே ஆறு லாரிகள். ஜன்னல்களுக்கு வெளியே பெரிய விளக்குகளை உயர்த்திக் கட்டி, மேகமூட்டமான மதியத்தை வெயில் அடிக்கும் காலை நேரமாக மாற்றியிருந்தார்கள். உள்ளே மணவறை, வாழை, நாற்காலி வரிசைகள். அவற்றில் பட்டு கட்டிய இருபத்தாறு பெண்கள், வேட்டி கட்டிய பன்னிரண்டு ஆண்கள்.

படப்பிடிப்பு என்றால் பெரும்பாலும் காத்திருப்பது. குழுவில் நாற்பது பேர் இருப்பார்கள். அவர்களில் முப்பத்தைந்து பேர் எந்த நேரமும் எதற்கோ காத்திருக்கிறார்கள். ஒருவர் நாடாவைக் கொண்டுவந்து காமிராவிலிருந்து கதாநாயகியின் கண் வரைக்கும் உள்ள தூரத்தை அளக்கிறார். அவள் மெல்லச் சாய்ந்தால் மறுபடி அளக்கிறார். நடிகையைவிட ஒப்பனைப் பெண்தான் நடிகையின் முகத்தை அதிகம் பார்க்கிறாள். இயக்குநர் பெல்ஜியக்காரர், மெதுவாகப் பேசுபவர். எல்லாம் தயாரானதும் துணை இயக்குநர் "உன்ட் பிட்டே" என்கிறார். 'தயவுசெய்து' என்று அர்த்தம். இவ்வளவு பெரிய இயந்திரம் ஒரு 'தயவுசெய்து'வுக்கு ஓடுவது எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொரு வழக்கமும் பார்த்தேன். காமிராவுக்கு முன் காட்டும் பலகையில் ஒரே இலக்கம் மூன்று முறை வந்துவிட்டால் யாராவது எல்லோருக்கும் ஒரு சிறு கோப்பை மது ஊற்ற வேண்டும். நான்கு மணிக்கு 222 வந்தது. விளக்குக்காரர் பாட்டிலை எடுப்பதற்குள் யோகன் அண்ணை எழுந்துவிட்டார். "மாப்பிள்ளை வீட்டில வந்து நீங்கள் ஊத்துறதோ? எங்களுக்கு மரியாதை இல்லையோ?" என்று தன் காரிலிருந்து சாராயம் கொண்டுவந்தார். பெண்கள் பக்கமிருந்து உழுந்து வடை போயிற்று. இயக்குநர் நான்கு வடை சாப்பிட்டார்.

சிக்கல் சாயங்காலம் தொடங்கியது. ஒரே கல்யாணத்தின் ஒரே ஐந்து நிமிடத்தை இரண்டு நாளாக எடுக்கிறார்கள். சனிக்கிழமை முன்பக்கமிருந்து, ஞாயிற்றுக்கிழமை பின்பக்கமிருந்து. ஆகவே துணை நடிகர்களின் உடைகளை இரவில் குழுவிடமே விட்டுச் செல்வது முறை. உடைப் பிரிவின் தலைவி ஹைக்கே, இலக்கமிட்ட உடை மாட்டிகள் தொங்கும் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் ஊசி குத்திய பட்டி. பெண்கள் வண்டியைப் பார்த்தார்கள். ஒருத்தியும் அசையவில்லை.

"கூறையை ஒரு மண்டபத்தில விட்டிட்டுப் போறதோ?" என்றாள் தவமணி. "சண்டைக்க நான் வீட்டையே விட்டிட்டு வந்தனான். கூறையை விட்டிட்டு வரேல்ல."

கூறை என்றால் தாலி கட்டும்போது உடுத்த சேலை. பாதிப் பேர் படத்துக்காக அதைத்தான் எடுத்துக் கட்டியிருந்தார்கள்.

நிரோ ஹைக்கேயிடம் போய், எல்லோரும் நாளைக்கு இதே உடையில் வருவார்கள், நான் பொறுப்பு என்றாள். அடுத்த வாரம் குழு பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக்குப் போகிறது, ஆறு வாரப் படப்பிடிப்பு. உடைப் பிரிவில் முழு உதவியாளராக நிரோவைச் சேர்ப்பதா என்று இந்த வார இறுதியில் ஹைக்கே முடிவு செய்ய வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். ஹைக்கே வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார். நிரோ ஒவ்வொருவரிடமும் போய், "நாளைக்கும் இதே உடுப்போட வாங்கோ" என்று தமிழில் சொன்னாள். எல்லோரும் "ஓம் ஓம்" என்றார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இன்று காலை எட்டு மணிக்கு ஒருத்தர்கூடத் தாமதிக்காமல் வந்தார்கள். இருபத்தாறு பேரில் இருபத்திரண்டு பேர் வேறு சேலையில்.

ஹைக்கே நேற்று ஒவ்வொரு பெண்ணையும் எடுத்த போலராய்டுப் புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஒரு படத்தைப் பார்ப்பார், ஒரு பெண்ணைப் பார்ப்பார். நான்காவது பெண்ணுக்குப் பிறகு படங்களைப் பையில் போட்டுவிட்டார்.

"நான் சொன்னனான் எல்லே, இதே உடுப்பு எண்டு" என்றாள் நிரோ.

"சொன்னனீ பிள்ளை, விளங்கினது" என்றாள் ஹாம் நகரிலிருந்து வந்த மலர். "ஆனா நேற்றுக் கட்டினதை இண்டைக்கும் கட்டினால் படம் பாக்கிற சனம் என்ன சொல்லும்? இவளுக்கு வேற சீலை இல்லையெண்டு சொல்லாதே?"

"உனக்குத்தான் மரியாதை குறையும் எண்டு நாங்கள் பாத்தம்" என்றாள் இன்னொருத்தி. "நல்லதை இண்டைக்கெண்டுதான் வச்சிருந்தனான்."

அப்போது தவமணி உள்ளே வந்தாள். நேற்று அரக்கு, இன்று மயில் கழுத்து நிறம்.

"நீங்களுமோ அம்மா?"

தவமணி தன் முந்தானையைக் குனிந்து பார்த்தாள்.

வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வரலாம் என்றால் பலர் டோர்ட்முண்டிலிருந்தும் எஸ்ஸெனிலிருந்தும் வந்தவர்கள். இயக்குநரும் காமிராக்காரரும் கால் மணி நேரம் மூலையில் நின்று பேசினார்கள். இன்று ஜன்னலோரத்தில் கதாநாயகனும் கதாநாயகியும் மட்டும் பேசும் துண்டுகளை எடுத்துவிடலாம். பின்பக்கக் காட்சியைத் திங்கட்கிழமை காலை எடுக்க வேண்டும். மண்டபம் மதியம் இரண்டு வரைக்கும்தான் கிடைக்கும். கதாநாயகிக்கு மாலையில் ரயில். ஹைக்கே கோபப்படவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "நாளைக் காலை ஏழு மணிக்கு இருபத்தாறு புடவைகள்" என்று நிரோவிடம் சொன்னார். "அதற்குப் பிறகு லியேஜைப் பற்றிப் பேசுவோம்."

திங்கட்கிழமை வேலை நாள். இவர்களில் பேக்கரிக்குப் போகிறவர்கள் உண்டு, அலுவலகம் துப்புரவு செய்கிறவர்கள் உண்டு, பள்ளிச் சமையலறையில் நிற்பவர்கள் உண்டு.

எனக்கு அங்கே வேலை இல்லாததால் மதியம் ஷ்பாரன்புர்க் கோட்டைக்கு நடந்தேன். பழைய நகரத்திலிருந்து இருபது நிமிட ஏற்றம். கோபுரத்தில் ஏறினால் டொய்டோபுர்கர் காட்டின் முதுகு நீளமாகத் தெரிகிறது. கீழே ஒரு பெஞ்சில் அமர்ந்து தயிர்ச் சோறு சாப்பிட்டேன். காற்று நன்றாக இருந்தது. நிரோவின் விஷயம் இல்லாவிட்டால் இந்த வருடத்தின் நல்ல மதியங்களில் ஒன்று என்று எழுதியிருப்பேன்.

இப்போது ஞாயிறு மாலை. தவமணியின் சமையலறை மேசையில் இதை எழுதுகிறேன். தவமணி சுவரோரம் நின்று ஒவ்வொருவருக்காகத் தொலைபேசுகிறாள்.

"ஓம் மலர், ஏழு மணிக்கு. ஷெஃப் லீவு தரமாட்டாரோ?" முதலாளியை இங்கே எல்லோரும் ஷெஃப் என்பார்கள். "உனக்கு ஏலாதெண்டா ஏலாது, நான் ஏசேல்ல. நானே பிழை விட்டிட்டன். சரி, வைக்கிறன்."

நிரோ சாப்பிடாமல் தன் அறையில் இருக்கிறாள். என் கணக்கில் பன்னிரண்டு பேர் வருவார்கள். தவமணி என்னைக் கேட்டாள், நான் பதினைந்து என்றேன்.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பீலெஃபெல்டுக்கு ஒன்றரை நாள் போதும். கோட்டைக்குக் காலையில் போங்கள், வார நாட்களில் மதியத்தில் பள்ளிக் குழந்தைகள் கூட்டம். ஊன்ட்றொப்பில் கால்வாய் அருகே இருக்கும் அம்மன் கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் ஹாம் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். பீலெஃபெல்டிலிருந்து ஹாம் கிட்டத்தட்ட எழுபது கிலோமீட்டர், சாதாரண ரயிலில் முக்கால் மணி நேரம். திருவிழாவுக்கு வராவிட்டால் கோயில் அமைதியாக இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். படப்பிடிப்பு பார்க்க யாராவது கூப்பிட்டால் போங்கள். கறுப்பு அல்லது சாம்பல் உடையில் போங்கள், வசதியான செருப்பு போடுங்கள், விசில் அடிக்காதீர்கள், அது அவர்களுக்கு ஆகாது. துணை நடிகராகக் கூப்பிட்டால், உடையை விட்டுப்போகச் சொன்னால் விட்டுப்போங்கள்.

காதல் படங்களைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. ஆனால் அடுத்த முறை திரையில் ஒரு கல்யாணக் காட்சி வந்தால் மணமக்களைப் பார்க்க மாட்டேன். நாற்காலி வரிசைகளைப் பார்ப்பேன்.

மறுநாள் நடந்ததை ரயிலில் இருந்தபடி சேர்க்கிறேன்.

ஆறே முக்காலுக்குப் பத்தொன்பது பெண்கள் வந்துவிட்டார்கள், எல்லோரும் சனிக்கிழமைச் சேலையில். ஹைக்கே போலராய்டுகளோடு வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஏழு பேர் குறைவு. ஏழு மணிக்கு யோகன் அண்ணையின் டாக்ஸி வந்தது. அதிலிருந்து அவர் மட்டும் இறங்கி, பின்பெட்டியைத் திறந்து ஏழு பைகளை எடுத்தார்.

"ஆக்களுக்கு லீவு இல்லை" என்றார். "சீலைக்கு லீவு குடுத்திருக்கினம்."

விடியற்காலையில் ஹாம் வரைக்கும் போய்ச் சேகரித்திருக்கிறார். எல்லாம் இஸ்திரி போட்டு மடித்தவை, ரவிக்கையோடு. ஏழு சேலைகளுக்கு உள்ளே ஆள் வேண்டும். நிரோ தன் இரண்டு சிநேகிதிகளுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் போன் செய்தாள். யோகன் அண்ணையின் மனைவி கடையைப் பூட்டிவிட்டுத் தன் இரண்டு தங்கைகளோடு வந்தாள். ஆறு ஆயிற்று. பிறகு நிரோ என்னைப் பார்த்தாள்.

"அன்ரி."

"நான் நடிக்கிறதில்லைன்னு சொன்னேனே."

"நடிக்க வேண்டாம். இருந்தாப் போதும். முதுகு மட்டும்தான்."

எனக்கு வந்தது மலரின் பச்சைச் சேலை, பழுப்புக் கரை. மலரின் ரவிக்கை எனக்கு இரண்டு அளவு பெரிது. "கமரா பின்னுக்குத்தான் பாக்கும், நான் முன்னுக்குக் குத்திறன்" என்று நிரோ பதினோரு ஊசிகளை என் நெஞ்சுக்குக் கீழே குத்தினாள். என் குட்டை முடியில் ஒப்பனைப் பெண் ஒரு பின்னலைச் சேர்த்துப் பூ வைத்தாள். ஹைக்கே மலரின் போலராய்டை என் தோளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். என் முந்தானையின் ஒரு மடிப்பை அரை அங்குலம் இழுத்தார். பிறகு நிரோ குத்திய ஊசிகளைக் குனிந்து பார்த்தார், வெகுநேரம்.

மூன்றாவது வரிசையில், தவமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உன்ட் பிட்டே" என்று கேட்டது. முதுகை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து முறை எடுத்தார்கள். நான் பிடிக்க வேண்டிய 10.37 வண்டி போய்விட்டது. ஒன்றரை மணிக்கு முடிந்தது என்றார்கள்.

ஹைக்கே உடைகள் ஏற்றிய வேனின் சாவியை நிரோவின் கையில் வைத்தார். "புதன்கிழமை காலை ஆறு மணி. லியேஜ் வரைக்கும் நீதான் ஓட்டுகிறாய்." தவமணி அதைத் தூரத்திலிருந்து பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை. சேலைகளை மடிக்கத் தொடங்கினாள்.

நான் பச்சையைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது தவமணியின் கைபேசி அடித்தது. மலர், வேலை இடைவேளையில்.

"ஓம், முடிஞ்சுது. ஓம், உன்ரையும் வந்தது, மூண்டாம் வரிசையில." தவமணி கொஞ்சம் கேட்டாள். "ஆர் கட்டினதோ? ஸ்டுட்கார்ட் டொக்டர்." மறுபடி கேட்டாள். பிறகு கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"கரை வெளியில தெரிஞ்சுதோ எண்டு கேக்கிறாள் அக்கா."

தெரிந்தது என்று சொல்லச் சொன்னேன்.