அக்கா கை வைக்காத இடம்

என் அக்கா ரஷ்யாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போனவள். பிணத்தை அறுக்கும் வகுப்பில் மயங்கி விழுந்து, பாஷையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். வெளிநாட்டு நோயாளிகள் வரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போது நோய்க்குறிப்புகளை ரஷ்ய மொழியில் எழுதித் தருகிறாள். அலுவலகம் எங்கள் வீட்டு நடு அறைதான். துணிக்கொடிக்கும் அவள் மேசைக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

அவள் வேலை செய்யும் விதமே தனி. ஒரு நோயை எழுதுவதற்கு முன், அது வரும் இடத்தில் கையை வைத்து அழுத்திப் பார்ப்பாள். சீழ்க்கட்டிக்கு ரஷ்ய டாக்டர்கள் எழுதுவது 'அப்ஸ்செஸ்', வலியில் கிடக்கிறவன் சொல்வது 'க்னோய்னிக்'. எதைப் போடுவது என்று தன் உடம்பைத்தான் கேட்பாள். கேட்ட பாவத்துக்கு அதுவும் பதில் சொல்லும். நாடாப்புழுக் குறிப்பு வந்தபோது வயிற்றில் என்னவோ நெளிகிறது என்று தட்டைத் தள்ளிவிட்டாள். மூளையில் புழுக்கட்டி வந்தபோது தலைவலி என்று வீட்டையே இரண்டாக்கினாள். என் கணவர் அவளுக்கு 'நடமாடும் ஆஸ்பத்திரி' என்று பேர் வைத்துவிட்டார்.

"அண்ணி, இன்னிக்கு எந்த உறுப்பு?" என்பார் காலையில்.

"சிரிங்க தம்பி, சிரிங்க. நான் போனப்புறம் தெரியும்."

போன மாசம் கல்லீரல் வந்தது. அமீபா குடலிலிருந்து ஏறி, கல்லீரலில் சீழ்க்கட்டியாக உட்காரும் நோய். விலாவுக்குக் கீழே வலப்பக்கம் கையை வைத்துக்கொண்டு "இங்கதான்டி குடைஞ்சு எடுக்குமாம்" என்று ஆரம்பித்தாள். எனக்கு வழக்கமான கச்சேரிதான். அடுத்த இரண்டு நாள் அவள் சத்தத்தையே காணோம்.

முதலில் நிம்மதியாக இருந்தது, உண்மையைச் சொன்னால். துணி எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். மவுஸை இடது கைப்பக்கம் மாற்றி வைத்திருந்தாள். வலது கை மடியில் சும்மா கிடந்தது. வயிற்றுப் பக்கம் அது போகவே இல்லை.

"ஏன்க்கா இடது கையில பண்றே?"

"தோள்ல ஒரு பிடிப்பு. ஒண்ணுமில்லடி."

ஊசி குத்தினால் ஊரைக் கூட்டுகிறவள் ஒண்ணுமில்லை என்கிறாள். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. விலாவைத் தொடப் போனேன். "தொடாதே!" என்று அலறி நாற்காலியோடு பின்னால் போனாள். அவள் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

கணவருக்குப் போன் செய்தேன். "இந்த வாரம் கல்லீரலா?" என்று சிரித்தார்.

"சிரிக்காதீங்க. வண்டியைக் கொண்டாங்க" என்று கத்தினேன்.

வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அக்கா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "பெரிய கட்டி. ஓரத்துக்கு வந்துடுச்சு, எப்ப வேணா உடையலாம். உடனே ஊசி போட்டு சீழை எடுக்கணும். இவ்வளவு வலியோட எப்படிம்மா சும்மா இருந்தீங்க?"

ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது அக்கா என்னைக் கிட்டே இழுத்தாள்.

"எனக்குத் தெரியும்டி. காய்ச்சல், குளிர், அப்புறம் தோள். நான் எழுதின வரிசையிலேயே வந்துச்சு. கடைசி வரி, கட்டி உடைஞ்சா என்ன ஆகும்கிறது. அதையும் நான்தான் எழுதினேன். வாயைத் திறந்து சொன்னா நிஜமாயிடுமோன்னு பயந்துட்டேன்."

கதவு மூடிக்கொண்டது. என் கணவர் சுவரைப் பார்த்து நின்றார். அன்றைக்கு நான் கும்பிடாத சாமி இல்லை.

பிழைத்து வந்துவிட்டாள். மறுபடி அதே மேசை, அதே கொடி. போன வாரம் நுரையீரல் புழு என்று இருமித் தள்ளினாள். என் கணவர் கேலி செய்யவில்லை, வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். அவள் புலம்பப் புலம்ப எனக்கு மனசு குளிர்ந்தது.

இன்று காலையிலிருந்து நடு அறையில் தட்டச்சுச் சத்தம் மட்டும்தான். அடுப்பை அணைத்துவிட்டு அந்த அறை வாசலில் போய் நின்றேன்.

"எங்கேயாவது வலிக்குதாக்கா?"

திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"ஒண்ணுமில்லடி."