கடலைப் பார்த்த கமெரா

முதுகு பிடித்துக்கொண்டு, வெஸ்ட்மீட்டில் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலைக்குப் போக முடியாமல் நான் வீட்டில் கிடந்த மாதம் அது. பென்டில் ஹில்லில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே சென்னைப் பெண் ஒருவர் குடியிருந்தார். கடற்பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். ஒரு பின்னேரம் மடிக்கணினியோடு மேலே வந்தார்.

"அண்ணா, வீட்லதானே இருக்கீங்க. எனக்கு ஒரு உதவி பண்றீங்களா?"

இந்து சமுத்திரத்தில் ஆளில்லாத ஒரு பவளத்தீவு. கப்பல்களோடு போய் இறங்கிய எலிகள் அங்கே பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தனவாம். மருந்து வைத்து அவற்றை ஒழித்த பிறகு, மறுபடி வருகின்றனவா என்று பார்க்கக் கமெராக்கள் பூட்டியிருக்கிறார்கள். படங்கள் குவிந்துவிட்டன, பார்க்க ஆளில்லை. பறவையா, நண்டா, எலியா என்று நான் குறித்தால் போதும்.

வரைபடத்தில் தீவைக் காட்டினார். நாங்கள் ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு அகதிகளாய் வள்ளத்தில் வந்த பாதைக்கு அது அதிக தூரமில்லை.

அவர் போனதும் மனைவி கதவைச் சாத்தினாள்.

"பறவைக்குக் கமெராவாம்! அகதி வள்ளம் வருகுதோ எண்டு பார்க்கிறதுக்கு எங்கட ஆக்களையே பிடிக்கினம். உங்கட விசாவை யோசியுங்கோ."

யோசித்தேன். அந்தக் கமெராக்களை வைத்து உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

முதல் நாட்களில் பறவையைவிட அதன் பின்னால் என்ன தெரிகிறது என்றே தேடினேன். வெள்ளை உடம்பும் சிவந்த கால்களுமாக ஒன்று கூட்டில் அடைகாத்தது. கீழே நண்டு போனது. எல்லாமே இலையும் கிளையும்தான். பிறகு ஒரு படம் வந்தது: மணல், அலை, அடிவானம். பறவை இல்லை. அடுத்ததும் அப்படியே. கணினியை மூடினேன்.

நான் எந்த வருடம் வந்தேன் என்று அந்தப் பெண் ஒருமுறை சாதாரணமாகக் கேட்டிருந்தார். இப்போது அது சாதாரணமாகத் தெரியவில்லை. அவர் படியேறும் சத்தம் கேட்டால் உள்ளேயே நின்றுகொண்டேன்.

கடைசியில் துணி காயப்போடும் இடத்தில் அவரைக் கண்டபோது கேட்டுவிட்டேன்.

"ஒரு கமெரா ஏன் கடலைப் பார்க்குது?"

"கரையில ஒதுங்கற மரம், வலையோட எலி வரலாம் அண்ணா. அதுக்குத்தான்."

"வள்ளம் வந்தால்?"

கையிலிருந்த சட்டையைத் திரும்பக் கூடைக்குள் போட்டார்.

"வந்தா அரசாங்கத்துக்குத் தகவல் சொல்லணும். அந்த நிபந்தனையிலதான் அனுமதி குடுத்திருக்காங்க."

"அதை என்னட்டச் சொல்லியிருக்க வேணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும். தப்புதான்."

என் சந்தேகம் உண்மையாகிவிட்டது. ஆனால் அவர் பொய் சொல்லாததுதான் என்னைத் தடுமாற வைத்தது. கூட்டுப் படங்களை மட்டும் அனுப்பும்படி சொன்னேன். கரையைப் பார்க்கிற வேலை எனக்கு வேண்டாம். அவர் தலையாட்டினார்.

"நீங்கள் பார்க்காட்டி வேற ஆள் பார்க்கும்," என்றாள் மனைவி. நான் அடுத்த கூட்டுப் படத்தைத் திறந்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு படத்தில், கூட்டுக்குக் கீழே கிளையோடு ஒட்டியபடி இரண்டு கண்கள் மின்னின. பெரிதாக்கினேன். வாலும் தெரிந்தது. முதுகு நோவோடு படியிறங்கிப் போய் அவர் கதவைத் தட்டினேன். படத்தைப் பார்த்தவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு யார் யாருக்கோ போன் போட்டார். அடுத்த கப்பலில் ஆட்கள் போய் அந்தப் பக்கமெல்லாம் மருந்து வைத்தார்கள். அதன்பின் அங்கே எலி தென்படவில்லை. அந்தக் கூட்டுக் குஞ்சு இறகு முளைத்துக் கிளை நுனிவரை வந்து நின்றதை நானும் மனைவியும் சேர்ந்து பார்த்தோம்.

வேலைக்குத் திரும்பிய பிறகும் ஞாயிறுகளில் படம் பார்க்கிறேன். கூட்டுப் படங்கள் மட்டும்தான் வருகின்றன என்றாலும், அவற்றில் எங்காவது கடல் தெரிகிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.