பொம்மைக்கு மாற்றாள்

தாம்பரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது என் வேலை. சனிக்கிழமை ஆனால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கூடுவாஞ்சேரி தாண்டி உள்ளடங்கிய ஊர்ப்பக்கம் கிளம்பிவிடுவேன். சோளக்கொல்லை பொம்மைகளைப் படம் எடுப்பது என் கிறுக்கு. நைட்டி மாட்டிய பொம்மை, மழைக்கோட்டு போட்ட பொம்மை எல்லாம் என் போனில் இருக்கின்றன. யார் வேலியையும் தாண்ட மாட்டேன் என்பது என் சட்டம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன ஆடியில் பார்த்த பொம்மைக்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமே இல்லை. இரண்டு மனைப்பிரிவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு கடலைக்கொல்லை. அதன் நடுவில் நீலச் சட்டையும் ஹெல்மெட்டுமாக நின்றது. கழுத்தில் ஆபீஸ்காரர்கள் மாட்டும் ஐடி கார்டு பட்டை. கார்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகரப் பலகை: 'இந்த நிலம் விற்பனைக்கு அல்ல.' எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரோட்டில் நின்றபடியே ஜூம் பண்ணி எடுத்தேன்.

"இன்னாம்மா எடுக்கிற?"

கொல்லைக்கார அம்மா. ஐம்பது வயதிருக்கும். மண்வெட்டியோடு வேலியருகே வந்துவிட்டார்.

"உள்ள வரலையே அக்கா, வெளிய நின்னுதான் எடுத்தேன்" என்றேன், ஏதோ பரிசு தரப்போகிறார் என்பதுபோல.

"நீ வெளிய நின்னா இன்னா? என் நெலம் உன் போனுக்குள்ள வந்துகீதே."

போனை இறக்கினேன். போன வருஷம் இப்படித்தான் இரண்டு பேர் வேலிக்கு வெளியே நின்று எடுத்தார்களாம். அந்தப் படம் மனை விளம்பரமாகப் போன் போனாகச் சுற்றியதாம். ஞாயிறுதோறும் கார்களில் வந்து இறங்கியவர்கள், களை எடுத்துக்கொண்டிருந்த இவரிடமே பிளாட் எது என்று கேட்டார்களாம். வெட்கமாக இருந்தது. அவர் கண் முன்னாலேயே படத்தை அழித்தேன்.

நான் டீச்சர் என்று தெரிந்ததும் கொஞ்சம் இளகினார். "பொம்மைதானே வேணும்? ரோட்டுக்கு எடுத்தாறேன். நெலம் வுழாம எடுத்துக்கோ."

சொன்னபடி பிடுங்கிக்கொண்டு வந்து என் ஸ்கூட்டரில் சாய்த்தார். பட்டை நாவலூரில் வேலை பார்க்கும் மகளுடையதாம். நான் போனைத் தூக்குவதற்குள் பக்கத்து மனையிலிருந்து இரண்டு மயில்கள் சொந்த வீட்டுக்குள் வருவதுபோல் கொல்லைக்குள் நுழைந்தன. விதைக்கடலை போட்டு நாலு நாள்தான் ஆகிறது. கிளற ஆரம்பித்தால் ஒன்றும் மிஞ்சாது.

"என் சத்தத்துக்கு அதுங்க பழகிப்போச்சு. புது ஆள் கைய விரிச்சுகினு நின்னாதான் போவும். ஓடு டீச்சர்."

"உள்ளயா?"

"நான்தானே சொல்றேன்?" பொம்மையின் கழுத்துப் பட்டையைத் தகரப் பலகையோடு கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

போனை அவர் கையில் கொடுத்து, "பொம்மையை நீங்களே எடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அடுத்தவர் வேலிக்குள் ஓடினேன். பொம்மை நின்ற குழியருகே கைகளை விரித்து நின்றேன். மயில்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தன. ஒரு சத்தம் போட்டேன். வகுப்பில்கூட அப்படிப் போட்டதில்லை. இரண்டும் பறந்தன. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

பொம்மையைத் திரும்ப நட்ட பிறகு போனைப் பார்த்தேன். பதினோரு படங்கள். ஒன்றில்கூட பொம்மை இல்லை. எல்லாவற்றிலும் கையை விரித்துக்கொண்டு நான். சுற்றிலும் கொல்லை, கிணறு, எல்லைக்கல் வரை தெளிவாக விழுந்திருந்தது.

"நிலம் விழுந்திருக்கே அக்கா."

"என் நெலம். நான் எடுத்தேன்."

மகளுக்கு அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்தார். அனுப்பிவிட்டு, முறைப்படி எல்லாவற்றையும் அழிக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு வச்சுக்கோ டீச்சர். இத்த வச்சு எவனும் விக்க முடியாது. உன் கழுத்துலயே எழுதிக்கீது பாரு."