சைலன்சர் இல்லாத பிளஷர்

யுத்தத்தில் பட்டாள லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவன் நான். ராமநாதபுரத்தில் யாரோ கழித்துப் போட்ட ஒரு பழைய பிளஷரை வாங்கிச் சரிசெய்து வாடகைக்கு ஓட்டினேன். காரை அப்போது எல்லோரும் பிளஷர் என்றுதான் சொல்வார்கள். ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏறுவார்கள்.

உப்புக் காற்றில் முதலில் போவது சைலன்சர். பலமுறை தகடு வைத்துப் பற்றவைத்தேன். ஒருநாள் கழற்றிப் பார்த்தால் உள்ளே துருவும் கரியுமாக அடைத்துக் கிடந்தது. எஞ்சின் விடுகிற புகை வெளியே போக வழியில்லை. மணல் பாதையில் கார் ஏன் திணறுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, உடைந்த லாரி ஒன்றின் அகலமான குழாயை எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை நேராகப் பொருத்தினேன்.

சத்தம் வந்தது, இழுவை வரவில்லை. மிதியிலிருந்து காலை எடுத்தால் குழாய்க்குள் படபடவென்று வெடித்தது. பொறி விடுகிற பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு பூசினது போல வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பெரிதாக்கி, ஓட்டிப் பார்த்து, மறுபடி பிளக்கைப் பார்த்தேன். அது வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்ததும் கையை எடுத்துக்கொண்டேன். பிறகு அந்தச் சத்தமே வேறு. கனமாக, அடிவயிற்றிலிருந்து வரும். மணலில் யாரும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை.

ஓர் இடத்தில் மட்டும் நான் தள்ள வேண்டியிருந்தது. ஏர்வாடி போகும் வழியில் ஓர் ஊர். அங்கே நிலமெல்லாம் பெரிய வீட்டுக்குச் சொந்தம். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வயலில் வேலை செய்தவர்கள். அந்த வீட்டு வாசலை நாங்கள் மாட்டுவண்டியில் உட்கார்ந்து கடக்கக் கூடாது. இறங்கி மாட்டைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நான் கார் ஓட்டி வந்ததும் அதற்கும் ஒரு முறை வைத்தார்கள்: எஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போ. சவாரிகள் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். நான் கதவில் தோள் கொடுத்துத் தள்ளுவேன். வாசல் தாண்டியதும் சூடான எஞ்சின் லேசில் கிளம்பாது.

ஒருநாள் பெரிய வீட்டுக் காரியஸ்தர் ராமநாதபுரத்தில் நான் கார் நிறுத்தும் இடத்துக்கே வந்தார்.

“ஏலே, அந்தக் குழாயக் கழட்டிட்டுப் பழசயே மாட்டு.”

“வாசல்ல அணச்சுத் தள்ளிக்கிட்டுத்தானங்கய்யா போறேன்?”

“நீ கம்மாக்கரையில வாரப்பவே சத்தம் வீட்டுக்குள்ள கேக்குதுல்ல? பெரியய்யா உன் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் சோறு திங்கணுமாக்கும்? இனி அந்தக் குழாயோட வந்தா, வண்டி அங்கிட்டுப் போவாது.”

நான் எதிர்த்துப் பேசத் தெரியாதவன். தலையாட்டுவேன் என்று நின்று பார்த்தார். ஆட்டவில்லை.

மறுநாள் தொண்டி ஜவுளி வியாபாரி ஒருவரும் அவர் மனைவியும் தர்காவுக்கு ஏறினார்கள். பெரிய வீட்டை நெருங்கியதும் கை சுவிட்சுக்குப் போனது.

“என்னண்ணே, இம்புட்டு நேரம் சிங்கம் மாதிரி வந்துட்டு, இங்கன வந்து பம்முறிய?” என்றார் வியாபாரி.

“இங்கன அணச்சுத் தள்ளணும் பாய்.”

“ஏன், ரோட்டுக்குத் தூக்கம் கெட்டுப்போகுமோ?”

“நீங்க சும்மா இருங்க. அவுகதானே இந்த ரோட்ட நம்பிப் பொழைக்கணும்” என்றார் அந்த அம்மா.

அவர் சொன்னது நியாயம்தான். ஏர்வாடிக்கு எனக்கு வேறு பாதை இல்லை. சுவிட்சிலிருந்து கையை எடுத்துக் கியரில் வைத்தேன். மிதித்தேன். சத்தம் பெரிய வீட்டுச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த பெரியய்யா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். காரியஸ்தர் துண்டை வீசிக்கொண்டு ஓடிவந்தார்.

“நிறுத்துலே! ஏலே, நிறுத்து!”

கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நன்றாகவே கேட்டது.

திரும்பி வரும்போது வாசலுக்கு நேராக ரோட்டில் கருவேல முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். காரியஸ்தர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“இப்ப எறங்குவேல்ல?”

இறங்கினேன். எஞ்சினை அணைக்கவில்லை. முள்ளைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தேன். உள்ளங்கை கிழிந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை, தடுக்கவும் இல்லை. அவ்வளவு நேரமும் கார் அந்த வாசலில் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் பல தடவை முள் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எஞ்சினை ஓடவிட்டே இறங்கி இழுத்துப் போட்டேன். கடைசியில் அவர்களுக்குத்தான் முள் வெட்டிச் சலித்துப் போனது.