காடு வெட்டக் கூப்பிட்டவர்கள்

நிலம் வெட்டித் துப்புரவாக்கும் தொழிலில், புல் முழங்கால் உயரத்தில் இருக்கும்போது நம்மை யாரும் கூப்பிடுவதில்லை. புல் புதராகி, புதர் காடாகி, பக்கத்து வீட்டுக்காரர் பாம்பைப் படம் பிடித்து அனுப்பிய பிறகுதான் போன் வரும். அதுவும் "நாளைக்கே வர முடியுமா?" என்றுதான் பேச்சே தொடங்கும்.

என்னிடம் மண் தோண்டும் எஸ்கவேட்டர் ஒன்று, ஒரு லோரி, தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெஷின்கள் சில உண்டு. எஸ்கவேட்டரை ஓட்டுபவன் குணா. மலேசியாவின் மலாக்காவில் நாங்கள் இருவரும் சுற்றாத மண் சாலை இல்லை. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் எங்காவது ஒரு துண்டு நிலம் இருக்கும். 'அடுத்த மாசம் போய்ப் பார்க்கலாம்' என்று நீங்களும் தள்ளிப் போட்டிருப்பீர்கள். ஆகவே நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

மொட்டையா வேணும்

ஆயர் குரோவைத் தாண்டி, ஒரு மலாய்க் கம்பத்தின், அதாவது கிராமத்தின், ஓரத்தில் மேட்டு நிலம். ரவீந்திரன் என்பவர் அங்கே வீடு கட்டிக் குடி வந்திருந்தார். தொழிற்சாலையில் பெரிய வேலை. வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுக்கப் புதரும் காட்டு மரமும் மூங்கிலும். எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். "சரிவுல இருக்கிற மூங்கில விட்டுடுவோம் சார், அதுதான் மண்ணப் பிடிச்சிருக்கு" என்றேன். "எனக்கு இலை பெருக்க நேரமில்ல அண்ணே. பந்து விளையாடுற திடல் மாதிரி மொட்டையா வேணும்" என்றார். பேசிப் பேசி, மூங்கில் வரிசையை மட்டும் விட்டுவைக்க ஒப்புக்கொண்டார். நாங்கள் வேலையை முடித்துக் கிளம்பினோம். பின்னாலேயே வேறோர் ஆளைக் கூப்பிட்டு அதையும் எடுத்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் ரவீந்திரன் பதறிப்போய்க் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் சரிவில் பாதி கீழே இறங்கியிருந்தது. கீழ் வீட்டில் ஒரு மலாய்க்காரப் பெரியவர். அவருடைய மிளகாய்ச் செடிகளையும் கோழிக்கூண்டையும் சேறு மூடிவிட்டது. கோழிகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. சண்டை நடக்கும் என்று நினைத்துத்தான் போனேன். பெரியவரோ ஒரு தள்ளுவண்டியில் சேற்றை அள்ளி மேட்டில் ஏற்றிக்கொண்டுவந்து, ரவீந்திரனின் கார் நிற்கும் இடத்தில் பக்குவமாகக் கொட்டிக்கொண்டிருந்தார். ரவீந்திரன் வேலைக்குப் போகும் சட்டையோடு ஓரமாக நின்றார். மன்னிப்புக் கேட்டார், புதுக் கோழிகள் வாங்கித் தருவதாகச் சொன்னார். பெரியவர் வண்டியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் கோபமே இல்லாமல் மலாயில் சொன்னார்: "உங்க மண்ணு தம்பி, வழி தெரியாம எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. கொண்டாந்து விட்டுட்டுப் போறேன்."

போனில் பார்த்த மரம்

கிளேபாங்கில் சாலையோரச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மோகனுக்கு ஜாசினுக்கு உள்ளே ஒரு நிலம். ஒரு தடவையாவது நேரில் வாருங்கள் என்று கெஞ்சினேன். "கடைய யாருண்ணே பார்ப்பா? வீடியோ கால் போடுங்க, நான் சொல்றேன்" என்றார். அப்படியே நடந்தது. நான் போனைப் பிடித்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்தேன். அவர் வாணலியில் மீ கோரெங் நூடுல்ஸைப் பிரட்டிக்கொண்டே "அது இருக்கட்டும், இது போகட்டும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஓரமாக நாலைந்து மரங்கள் இடைவெளி பார்த்து நட்டதுபோல நின்றன. "இது மங்குஸ்தீன் மாதிரி தெரியுது, யாரோ நட்டிருக்காங்க" என்றேன். "காய்க்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ தள்ளிடுங்கண்ணே."

வெட்டி முடித்த மறுவாரம் அவருடைய அம்மா டாக்சி பிடித்து நிலத்துக்கு வந்தார். நாங்கள் மரக்கட்டைகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மகன் கடையிலேயே கிடக்கிறான் என்று, அவர்தான் பஸ் ஏறி வந்து அந்தக் கன்றுகளை நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார். முட்டி வலி வந்த பிறகு வர முடியவில்லையாம். மங்குஸ்தீன் காய்க்க வருஷக்கணக்கில் ஆகும். இந்த வருஷமோ அடுத்த வருஷமோ பூத்துவிடும், மகனைக் கூட்டிவந்து காட்டலாம் என்று சொல்லாமலே வைத்திருந்தாராம். மோகன் போனில் பார்த்துத்தான் சொன்னார் என்றேன். அந்த அம்மா வெட்டிய மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "போன்ல பார்த்தா எல்லாம் பச்சையாத்தான்யா தெரியும்" என்றார்.

அவன்கிட்ட சொல்லுங்க

ஜாசின் பட்டணத்துக்கு அருகில் புதர் மண்டிய ஒரு பழத்தோட்டம். அப்பா விட்டுப்போனது. அண்ணன் ஆறுமுகம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தம்பி நாகராஜன் கார் உதிரிப் பாகக் கடைக்காரர். இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்து வெட்டித் தர வேண்டும் என்று இருவருமே என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அளந்து கயிறு கட்டினால், கயிறு நேராக ஒரு பெரிய டுரியான் மரத்தின்மேல் போய் நின்றது.

பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டே, என்னைப் பார்த்துப் பேசினார்கள்.

"அவன்கிட்ட சொல்லுங்க, இந்த மரத்த நட அப்பா குழி தோண்டுறப்ப மண்வெட்டி எடுத்துக் கொடுத்தது நான்."

"அவர்கிட்ட கேளுங்க, அப்பா படுத்த படுக்கையா கிடந்தப்ப இந்த மரத்துக்கு உரம் போட்டது யாருன்னு."

"அவன் உரம் போடாட்டியும் மரம் காய்க்கும்லா."

குணா எஞ்சினை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தான். கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். மரத்தைச் சுற்றி ஒரு பட்டை நிலத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் வெட்டுவோம், நடுவில் இருப்பது இருவருக்கும் பொது. இருவரும் தலையாட்டினார்கள். அன்று எனக்கு என்மேலேயே கொஞ்சம் பெருமை.

அடுத்த டுரியான் பருவத்தில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனோம். சாலைக்கே வாசம் அடித்தது. வாசம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அழுகல் நாற்றம். இறங்கிப் போய்ப் பார்த்தால் நடுப்பட்டை மறுபடியும் காடாகிக் கிடந்தது. உள்ளே விழுந்த பழங்கள் விழுந்த இடத்திலேயே வெடித்து ஈ மொய்த்தன. இரண்டு பக்கமும் பெருக்கிவிட்டதுபோலச் சுத்தம். எனக்கு மனசு கேட்கவில்லை. அண்ணனைப் போனில் கூப்பிட்டு, "பழமெல்லாம் வீணாப் போகுதேய்யா" என்றேன். அவர் சொன்னார்: "அவன் எடுத்துக்குவான்னு விட்டேன். அவனும் அப்படித்தான் நினைச்சு விட்டிருப்பான்."

ரெண்டு நாற்காலி

சரோஜா டீச்சர் ஆயர் குரோவில் தனியாக இருக்கிறார். கணவர் ஓய்வு பெற்றதும் ஜாசின் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கினாராம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு அங்கே போய்விடுவார். டீச்சருக்கு அன்று டியூஷன் வகுப்பு. அதோடு, புல்லையும் புழுவையும் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்ற எண்ணம் வேறு. கணவர் இறந்த பிறகு நிலத்தைக் கொடி மூடிவிட்டது. வாங்க ஆள் வந்திருக்கிறது, அவர் வந்து பார்ப்பதற்குள் வெட்டித் தாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார். எல்லையைக் காட்டத்தான் குடையோடு வந்தார். ஆனால் எல்லை எதுவென்று அவருக்கே தெரியவில்லை. அதுதான் அவர் அந்த நிலத்துக்கு வந்த முதல் நாள்.

குணா கொடியை இழுக்க இழுக்க, உள்ளேயிருந்து ஒரு தகரக் கூரை தெரிந்தது. நான்கு கம்பு நட்டு நிறுத்திய சின்னக் கொட்டகை. அதன் முன்னால் ஓடை. கொட்டகைக்குள் ஓடையைப் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. டீச்சரின் முகம் மாறியது.

"யாரு வந்திருப்பாங்க இங்க, இவரோட?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும். நாங்கள் இருவரும் உள்ளே போனோம். ஒரு நாற்காலி வெளுத்து, கால் ஒடிந்து, கம்பி வைத்துக் கட்டியிருந்தது. இன்னொன்றில் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. தூசியும் பல்லி எச்சமும் உறையின் மேல்தான். டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, நகத்தால் கீறிக் கீறி உறையைப் பிரித்தார். நான் உதவப் போனதற்கு வேண்டாம் என்று கை காட்டினார். பிரித்து முடித்ததும் அதில் உட்கார்ந்தார். குணா எஞ்சினை அணைத்துவிட்டான். தண்ணீர் ஓடும் சத்தம் அப்போதுதான் எங்களுக்கே கேட்டது.

நிலத்தை விற்கத்தான் விற்றார். பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில், பார்த்துக்கொள்ள ஆளில்லை. அந்த இரண்டு நாற்காலிகளை மட்டும் எங்கள் லோரியில் ஏற்றி வீட்டில் இறக்கச் சொன்னார். ஆனால் அன்று கொட்டகைக்குள் உட்கார்ந்தபடி, எங்களைப் பார்க்காமல், ஓடையைப் பார்த்து அவர் சொன்னதுதான் என் மனசில் நிற்கிறது: "வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. கொசு இருக்கும்னு சொல்லிட்டேன். கொசுவே இல்லையே இங்க."

கல்லை எங்கே வைப்பது

எஸ்கவேட்டர் இல்லாமல் நாங்கள் போன வேலை ஒன்று உண்டு. பழைய ரப்பர் தோட்டம், இப்போது முழுக்கச் செம்பனை. அதன் ஓரத்தில் தோட்டத்து ஆட்களின் இடுகாடு. சுப்பிரமணியம் என்பவர் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது அம்மா இறந்து அங்கேதான் புதைத்தார்கள். பிறகு குடும்பம் பட்டணத்துக்குப் போய்விட்டது. மகளுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது, அதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு கல் வைத்துக் கும்பிட வேண்டும் என்பது அவர் ஆசை. பெயர் பொறித்த சலவைக்கல் காரின் பின்பக்கத்தில் தயாராக இருந்தது. மனைவி மாலையும் சூடமும் வைத்துக்கொண்டு நின்றார்.

கீழே ஆட்கள் படுத்திருக்கும் மண் என்பதால் கை மெஷினால் மெல்ல மெல்ல வெட்டினோம். ஆளுயர லாலான் புல் விழுந்ததும் மேடுகள் தெரிந்தன. ஒன்றுபோலவே எல்லாம். பெயர் எழுதி நட்ட பலகைகளைக் கறையான் எப்போதோ தின்றுவிட்டிருந்தது. "வெள்ளைப் பூ மரத்துக்குப் பக்கத்துல" என்று அவருக்கு ஞாபகம். அங்கே வெள்ளைப் பூ மரம் இல்லாத மூலையே இல்லை. ஒரு மேட்டின் அருகே போய் நிற்பார், தலையை ஆட்டிக்கொண்டு அடுத்ததுக்குப் போவார். வெயில் ஏறியது. மனைவி பின்னாலேயே நடந்தார். ஒரு கட்டத்தில் சுப்பிரமணியம் மாலையை வாங்கி, நாரைப் பிரித்து, பூவை உதிர்த்து ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே வந்தார். கடைசி மேட்டுக்குப் பூ போதவில்லை. குணா மரத்திலிருந்து எட்டிப் பறித்துக் கொடுத்தான்.

சூடம் ஏற்றிக் கும்பிட்டு முடித்த பிறகு எல்லாரும் காரைப் பார்த்தோம். கல் அங்கேயே இருந்தது. குணாதான் தயங்கித் தயங்கிக் கேட்டான், "கல்ல என்னண்ணே செய்யப் போறீங்க?" சுப்பிரமணியம் இடுகாட்டின் நுழைவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாசல்ல வச்சிடலாம்லா. உள்ளதானே எங்கேயோ இருக்காங்க."

நிலம் சுத்தமாக்கித் தரப்படும் என்று மட்டும்தான் என் லோரியில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குமேல் எதையும் வாக்குக் கொடுத்து எழுதாமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.