வருத்தத்துக்கொரு வைத்தியர்

அபுல் ஹஸன் 1919ஆம் ஆண்டு கல்முனைக்குடியில் பிறந்தார் என்று அவருடைய உத்தியோகப் பத்திரங்கள் கூறுகின்றன. அவருடைய தாயாரோ, பெருவெள்ளம் வந்து வடிந்த மாரியில் பிறந்த பிள்ளை என்றே சொல்லிவந்தார். இரண்டையும் பொருத்திப் பார்க்க இப்போது வழியில்லை. ஆகவே பத்திரத்தில் உள்ளதையே இங்கு கொள்கிறேன். கொழும்பில், முழு டொக்டருக்கு ஒரு படி கீழான அப்போதிக்கரிப் படிப்பை முடித்து, ஓய்வுபெறும்வரை அரசாங்க மருந்தகங்களில் வேலை பார்த்தார். அதில் ஒரு பகுதி கோமாரி என்ற ஒதுக்குப்புறக் கடலோர ஊரில் கழிந்தது. பிரசவமானாலும், பாம்புக்கடியானாலும், தூண்டில் முள் ஏறிய கையானாலும், அங்கே கேட்டுச் செய்வதற்கு வேறொரு வைத்தியர் இருக்கவில்லை. தனியே தீர்மானிக்கும் பழக்கம் அவருக்கு அந்த ஊரில்தான் உறுதிப்பட்டது என்று அவருடைய மனைவி முனவ்வறா சொல்வார்.

1974இல் ஓய்வுபெற்றதும், முனவ்வறாவின் சீதன வீட்டு முன்னறையில் சொந்த மருந்தகம் ஒன்றைத் திறந்தார். அதே வளவில் அடுத்த வீடு முனவ்வறாவின் தங்கை சபூறாவுடையது. சபூறா விதவை, தையல் தைத்துச் சீவித்தவர். மாரி தொடங்கினால் அவருக்கு மூச்சு இழுக்கும். எங்கள் பக்கத்தில் நோயை வருத்தம் என்போம், இந்த வருத்தத்தை முட்டு என்போம். முட்டுக்கு அப்போதிக்கரியின் கை நல்ல கை என்று ஊரில் பேர் இருந்தது. சபூறாவுக்கும் அந்தக் கைதான் பார்த்தது.

1981இல் சபூறாவின் காலில் பட்ட காயமொன்று ஆறாமல் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து அதற்கு அங்கே டொக்டர் கனகாம்பிகை பார்த்தார். இரண்டு வருடங்களின் பின் தலை சுற்றத் தொடங்கியது. அயல் பெண்ணொருத்தி அவரைச் சந்தைப் பக்கம் கிளினிக் வைத்திருந்த டொக்டர் தங்கத்துரையிடம் கூட்டிப்போனார். பிரஷர் என்றார் அவர். வேறு வருத்தம் உண்டா என்றும் கேட்டார். இல்லை என்றார் சபூறா.

அது பொய் சொல்லும் நோக்கத்தோடு சொன்ன பதிலல்ல. சபூறாவின் எண்ணத்தில் ஒவ்வொரு வருத்தமும் ஒரு வைத்தியருக்கு உரியது. ஒருவருக்குரியதை மற்றவரிடம் பேசுவது, ஒரு வீட்டுச் சங்கதியை அடுத்த வீட்டில் கதைப்பது போன்ற மரியாதைக் குறைவு. ஆகவே மூன்று வருத்தங்களையும் மூன்று வாசல்களில் ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்தார்.

அந்த மாரியில் முட்டு வழமையைவிடக் கடுமையாக வந்தது. அபுல் ஹஸன் தன் மருந்தின் அளவைக் கூட்டினார். அந்த மருந்து சீனியை ஏற்றியது. காரணம் தெரியாத கனகாம்பிகை சீனிக் குளிசையைக் கூட்டினார். முட்டுச் சற்றுத் தணிந்ததும் அபுல் ஹஸன் தன் மருந்தைக் குறைத்தார். கூட்டிய சீனிக் குளிசையோ கூடியபடியே இருந்தது. ஒரு மத்தியானம் சபூறா வியர்த்து ஒழுகித் தையல் மெசினின் மேல் சாய்ந்து விழுந்தார். சீனி மட்டுக்கு மீறி இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பியபின், வீட்டில் குடிக்கிற மருந்தெல்லாவற்றையும் கொண்டுவரும்படி கனகாம்பிகை கேட்டார். முனவ்வறா கொண்டுபோய்க் கொடுத்தார். பிரஷருக்கென்று தங்கத்துரை கொடுத்திருந்த குளிசை, முட்டுக்காரருக்குக் கொடுக்கக்கூடாத வகை. மூச்சு அந்த மாரியில் அவ்வளவு இறுகியதன் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

கனகாம்பிகை ஆஸ்பத்திரியில் ஒரு புதிய ஒழுங்கைத் தொடங்க முயன்றுகொண்டிருந்த காலம் அது. தீராத வருத்தங்கள் இரண்டு மூன்று உள்ளவர்களைச் செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் பார்ப்பது. அவர்களுக்கு மருந்து கொடுக்கும் எல்லா வைத்தியர்களும், வெளியில் உள்ளவர்கள் உட்பட, ஒன்றாக இருந்து கதைப்பது. நோயாளி ஒருவருக்கு ஒரு வைத்தியரைப் பொறுப்பாக்குவது. மற்றவர்களுக்குச் சொல்லாமல் எவரும் எதையும் மாற்றாமல் இருப்பது. ஊரிலுள்ள வைத்தியர்கள் இதை விரும்பவில்லை. “இதென்ன, வழக்குத் தீர்க்கிற மாதிரி வைத்தியருக்கும் இணக்கசபையோ?” என்று தங்கத்துரை கேட்டதாகச் சொல்வார்கள். அப்போதிக்கரியோடு ஒரே மேசையில் இருக்கத் தான் படித்து வரவில்லை என்றும் சொன்னாராம். இரண்டாவதை நேரில் கேட்ட எவரையும் நான் சந்திக்கவில்லை.

கனகாம்பிகை ஒரு பின்னேரம் அபுல் ஹஸனின் மருந்தகத்துக்கே வந்தார்.

“சபூறாவுக்கு நீங்க குடுத்ததும் சரி டொக்டர், நான் குடுத்ததும் சரி. தங்கத்துரை டொக்டர் தான் கேட்டறிஞ்சதுக்குக் குடுத்ததும் சரி. மூண்டும் ஒரு வயித்துக்குள்ள போய்த்தான் பிழைச்சுப் போச்சு.”

“மூண்டா?” என்றார் அபுல் ஹஸன். “அவளுக்குப் பிரஷர் இரிக்கெண்டு எனக்கு ஆரும் செல்லல்ல.”

“அவக்கு முட்டு இருக்கெண்டு எனக்கும் சொல்லல்ல.”

சபூறாவுக்கு அவரையே பொறுப்பு வைத்தியராக்க விரும்புவதாகக் கனகாம்பிகை சொன்னார். அடுத்த வீட்டில் இருப்பவர், எந்நேரமும் பார்க்கக்கூடியவர். ஆனால் மருந்தை மாற்றுவதானால் கேட்டுத்தான் மாற்றவேண்டும்.

“ஒரு குளிசையக் கூட்டிக் குறைக்க ஆசுபத்திரிக்கு வந்து கேட்டு நிக்கிறதெண்டா, டொக்டரம்மா, நான் இந்த வயசில கொம்பவுண்டர் வேலைக்குத்தான் போகவேணும்.”

“நானும் உங்களிட்டக் கேப்பன். அப்ப நானும் கொம்பவுண்டர்தான்.”

அவர் சிரிக்கவில்லை. தேநீர் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். சம்மதம் மட்டும் சொல்லவில்லை.

அவருடைய மறுப்பை வெறும் வீம்பு என்று எழுதிவிட எனக்கு மனமில்லை. வேலை பார்த்த காலத்தில், இரண்டு வைத்தியர்களின் பொறுப்பில் இருந்த நோயாளி ஒருவர், மற்றவர் பார்ப்பார் என்று இருவரும் நினைத்திருந்ததால் பார்ப்பாரின்றி இறந்ததை அவர் கண்டிருந்தார். பலர் பார்ப்பது ஒருவரும் பாராமல் விடுவதில் முடியும் என்பது அவருடைய நியாயமான பயம். இன்னொரு பயமும் இருந்தது. அப்போதிக்கரி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டார் என்றால், அவருக்குத் தெரியாது என்று ஊர் முடிவு செய்யும். அதோடு நல்ல கை என்ற பேர் போய்விடும்.

முனவ்வறாவுக்கு இந்த இரண்டு பயங்களிலும் அக்கறை இருக்கவில்லை. சோறு பரிமாறிக்கொண்டே கேட்டார்.

“டொக்டரம்மாக்கு என்ன செல்லப் போறீங்க?”

“கோமாரியில நான் ஆரக் கேட்டுப் பாத்த?”

“கோமாரியில கேக்க ஆள் இல்ல. இஞ்ச இரிக்கே.”

“எண்ட கைக்கு வந்த நோயாளி அவள்.”

“ஒங்கட கைக்கு வாறதுக்கு முந்தி எண்ட உம்மாட வயித்துல கிடந்தவள். அவள்ட நெஞ்சுக்கு மட்டும்தான் முட்டெண்டு இரிந்தன். ஒங்கட ரோசத்துக்கும் முட்டு வந்திரிக்கி. அதுக்கு மருந்து ஆருக்கிட்ட எடுக்கிற?”

அவர் சாப்பிட்டு எழுந்தார். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை, என்ன நடக்கிறதென்று பார்த்து வருவதாக மட்டும் சொல்லிச் சபூறாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். முனவ்வறாவும் கூடப் போனதால் அங்கு நடந்தது சரியாகக் கிடைத்திருக்கிறது. பின்னர் சபூறா தனியே சொன்னதும் அதனோடு ஒத்திருக்கிறது.

அறையில் கனகாம்பிகையும் அபுல் ஹஸனும் மேசையில் இருந்தார்கள். சற்றுப் பிந்தித் தங்கத்துரை வந்து கதவடியில் நின்றார். வேறு அலுவலாக இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். கதிரை காட்டியபோது, இருக்க நேரமில்லை என்றார். நின்றபடியே சபூறாவைப் பார்த்தார்.

“வேற வருத்தம் இருக்கோ எண்டு நான் கேட்டனான்தானே அம்மா?”

“கேட்டீங்க டொக்டர். அது மச்சான் பாக்கிற வருத்தம். அவருக்குரியத ஒங்களிட்டச் செல்லுறது மரியாதையில்லையே.”

“அப்ப என்னிட்டயாவது செல்லியிரிக்கலாமே புள்ள, பிரஷரப் பத்தி,” என்றார் அபுல் ஹஸன்.

“பிரஷரச் சென்னா, இன்னொரு டொக்டர்ட படியேறினத்தயும் செல்லவேணும் மச்சான்.”

“நான் ஏசுவனெண்டு பயந்தியா?”

“ஏச மாட்டீங்க. ரெண்டு நாளைக்கிக் கதைக்க மாட்டீங்க.”

முனவ்வறா வாயைப் பொத்திக்கொண்டார். கதவடியில் நின்ற தங்கத்துரைதான் முதலில் சிரித்தவர். சபூறாவின் மௌனத்துக்குக் காரணம் அறியாமையல்ல. அது அபுல் ஹஸனின் முகம் பார்த்துப் பழகிய பழக்கம். இதை அவரே பிற்காலத்தில் முனவ்வறாவிடம் சொல்லியிருக்கிறார். அன்று அவர் கேட்டது வேறு.

“டொக்டரம்மா, மூண்டு பேர் பாக்கிறம். ஒருநாள் திடீரெண்டு இவள்ட மூச்சு நிண்டா, அதுக்கு ஆர் பொறுப்பு?”

“நீங்க டொக்டர். அதுக்குத்தானே உங்களக் கேட்டு வந்தன்.”

“அப்பச் சரி,” என்றார் அவர்.

தங்கத்துரை அந்தக் குளிசையைத் தான் எப்படியும் நிறுத்த இருந்ததாகச் சொல்லி, வேறொன்றின் பெயரைச் சொன்னார். எவரும் மறுத்துப் பேசவில்லை. அதன் பின்னரும் சில செவ்வாய்க்கிழமைகளில் வந்தார். ஒருநாளும் கதிரையில் இருக்கவில்லை.

அபுல் ஹஸனுக்கும் பழக்கம் உடனே மாறிவிடவில்லை. முதல் மாதங்களில் இரண்டு தடவை கேளாமலே மருந்தை மாற்றிவிட்டு, செவ்வாய்க்கிழமை தயக்கத்தோடு சொன்னார். கனகாம்பிகையும் ஒருமுறை அவ்வாறு செய்தார். அதை அபுல் ஹஸன் எல்லார் முன்னிலையிலும் மிகுந்த திருப்தியோடு சுட்டிக்காட்டினார் என்று கேள்வி. 1985 சித்திரையில் கலவரத்தால் ஊர்களுக்கிடையே போக்குவரவு நின்று, எங்கள் பக்கத்தவர் ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாதிருந்த வாரங்களில் சபூறாவை அவரே பார்த்துக்கொண்டார். மற்ற இருவரும் என்ன நினைத்து என்ன கொடுத்தார்கள் என்பது தெரிந்திருந்ததால், சீனிக்கும் பிரஷருக்கும் தயங்காமல் மருந்து கொடுக்க முடிந்தது. தனியே பார்த்தார் என்றாலும், அது கோமாரியில் பார்த்தது போன்றதல்ல.

மறுவருடம் கனகாம்பிகை இடமாற்றம் பெற்றுப் போனார். வெளியூரிலிருந்து வந்த டொக்டர் சாலிஹுக்குச் செவ்வாய்க்கிழமை ஒழுங்கு வீண் வேலையாகத் தோன்றியது. சீனிக்கு ஒரு நாள், பிரஷருக்கு ஒரு நாள், நெஞ்சுக்கு ஒரு நாள் என்று பழையபடி பிரித்தார். சில வாரங்களுக்குள் சபூறா மீண்டும் மூன்று வாசல்களுக்கு நடக்கத் தொடங்கினார். அந்த வருட மாரியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அபுல் ஹஸனுக்கு அப்போது அறுபத்தேழு வயது. முன்கூட்டிச் சொல்லி அனுப்பியிருந்தால் டொக்டரின் அறைக்கு நேரே போயிருக்கலாம். போகவில்லை. நோயாளிகளோடு வாங்குப் பலகையில் இருந்து, இலக்கத் துண்டு எடுத்து, தன் முறை வந்ததும் உள்ளே போனார்.

“என்ன வருத்தம் வாப்பா?” என்றார் சாலிஹ்.

“சீனி, பிரஷர், முட்டு.”

டொக்டர் நாடி பார்க்கக் கையை நீட்டினார்.

“எனக்கில்ல மகன். எண்ட மச்சிக்கு. அவளப் பாக்கிறவன் நான்; அப்போதிக்கரி. தனியப் பாக்க எனக்கு ஏலாது. அதச் செல்லத்தான் வந்த.”

சாலிஹ் அவரை இருக்கச் சொன்னார். தங்கத்துரையின் குளிசையில் தொடங்கி, தன் மருந்து சீனியை ஏற்றியதையும், சபூறா மெசினின் மேல் விழுந்ததையும், தான் கேளாமல் மாற்றிய இரண்டு தடவைகளையும் ஒன்றும் ஒளிக்காமல் அபுல் ஹஸன் சொன்னார். வெளியே வரிசையில் நின்றவர்கள், அந்த மனிசன் உள்ளே படுத்துவிட்டாரா என்று கேட்டுக் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். சாலிஹ் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, “மறுகா?” என்று மேலே சொல்லச் சொன்னார்.

மாரிக்கு முன்பே செவ்வாய்க்கிழமை ஒழுங்கு மீண்டும் நடந்தது, அரைநாளாக.